மணப்பாட்டுக்குப் போனது ஜெபிஷாவுக்குத் தெரியாது

தள்ளித் தள்ளி உக்காந்தேன்னா ஜன்னல் வழியா வெளிய விழுந்துருவ தாயி! இங்கிட்டு வா... வா, ஒண்ணும் செய்யாது. கடல்தண்ணிதான். வேற எதையும் நெனச்சிராத. சேலை காஞ்ச சேலைதான், தொட்டுப் பாரு. உள்ள டிராக் பேண்டு போட்டிருக்கேன், அதுலருந்துதான் சொட்டுது. பிழிஞ்சேன், பிழிஞ்சேன், அம்புட்டுப் பிழிஞ்சேன்... வந்துக்கிட்டேதான் இருக்கு. திருச்செந்தூர்ல ஏறும்போதே கண்டக்டர் சீட்டையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தான். என்னலே பாக்க, நாசரேத்துக்கு ஒண்ணு குடுன்னேன். குடுத்துட்டுப் போயிட்டான்.

நீயும் நாசரேத்துதான? அப்பச் சரி. குரும்பூரு சுத்திப் போயிச் சேர இன்னும் முக்கா மணி நேரமாவது ஆவும். அதுக்குள்ள எனக்குத் தலை காஞ்சிரணும். ஜன்னலக் கொஞ்சம் தொறயேன். இன்னும்... இன்னும் கொஞ்சம்... அந்தா, அப்படி. காத்து வரட்டும். ஒன் தலையும் கலையும்தான், கலையட்டும், சின்னப்புள்ளைக்கு என்ன.

கடலா அது? ஏன் கேக்க! ஒரு ஒழுங்கு வேண்டாமா அதுக்கு? ஒரு அலை வந்துச்சுன்னா, அது திரும்பிப் போன பொறவு அடுத்தது வரணும். இது என்னடான்னா, முன்னால வந்தது காலுக்கடியில மண்ணப் பறிச்சிக்கிட்டு நிக்கி, அதுக்குள்ள பின்னால வந்தது தலைக்கு மேல நிக்கி. மனுசி மூச்சு விடவா வேண்டாமா? முப்பத்திமூணு வருசம் பி.டி. டீச்சரா இருந்தவ நானு. எண்ணூறு புள்ளைகள ஒத்த விசில்ல வரிசையா நிப்பாட்டுவேன். இந்தக் கடலு ஒண்ணுதான் சொன்ன பேச்சுக் கேக்கல.

தேவகனி டீச்சர்னு நாசரேத்துல யார்ட்ட வேணும்னாலும் கேளு. ஒனக்குத் தெரியாதா? எந்த ஊரு நீ? ...ஓ, பாங்கு வேலைக்கு வந்த புள்ளையா. விருதுநகரா? அதான் பயமில்லாம என் பக்கத்துல உக்காந்திருக்க. உள்ளூர்க்காரியா இருந்தா என்னயக் கண்டதும் எந்திரிச்சு அட்டென்சன்ல நின்னிருப்பா.

அந்தா பாரு, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. மடியில கொடைய வச்சிக்கிட்டு வெறைப்பா உக்காந்திருக்கால்லா, அவ பேரு கிருபை. தையல் டீச்சர். நாப்பது வருசச் சிநேகிதி. என் பக்கத்துல எடம் இருக்கும்போதே அங்க போயி உக்காந்துட்டா. ஒன்னோட வந்ததுக்கு எனக்கு நெஞ்சுவலிதான் மிச்சம்னுட்டா. போகட்டும். நாளைக்கிச் சாயங்காலம் மீன்கொழம்பத் தூக்கிக்கிட்டு அவளே வருவா. எனக்குத் தெரியாதா அவள?

எனக்குக் கவலை கிருபை இல்ல தாயி. எனக்குக் கவலை ஆறு மணி. ஆறு மணி அடிச்சா என் மக ஜெபிஷா வீடியோ கால்ல வருவா. மெட்ராஸ்ல இருக்கா. ஒத்த மக. அவளுக்கு மூணு வயசா இருக்கும்போது அவங்க அப்பா காய்ச்சல்ல போயிட்டாவ, அதுலருந்து நா அவளுக்கு, அவ எனக்குன்னு கெடந்தோம். என் மொகத்தப் பாத்த ஒடனே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருவா அவ. மதியம் பழையதத் தின்னேனா, புதுசா வடிச்சேனான்னு சொல்லிருவா. அவ முன்னால இப்படி நனஞ்ச கோழி மாதிரிப் போயி நின்னேன்னு வையி, அம்புட்டுத்தான். என் வீடு போச்சு.

வீடு எப்படிப் போகும்னு கேக்கியா? சொல்லுதேன். எட்டு மாசத்துக்கு முந்தி எனக்கு வலது முட்டியில ஆபரேசன். டாக்டரு நல்லா நடங்க, நெறைய நடங்கன்னாரு. ஏறக் கூடாதுன்னு சொன்னாரா? சொல்லல. முருங்கைக்காய் மரத்துல தொங்குது, கைக்கு எட்டல. ஸ்டூலப் போட்டு ஏறினேன். ஸ்டூலு ஆடிட்டு. விழுந்தேன். அடி ஒண்ணும் பெருசா இல்ல, பறிச்ச எட்டுக் காயும் கையிலேயே இருந்துச்சு. பொறவு மாசி மாசம் சாத்தான்குளத்துல ஒரு கலியாணம். பஸ்ஸு வரல. கிருபை மகன் வண்டி சும்மாதான நின்னுச்சு, எடுத்துக்கிட்டுப் போனேன். ஆடு குறுக்க வந்தா நா என்ன செய்ய? ஆட்டுக்கு ஒண்ணும் இல்ல. அது எந்திரிச்சு ஓடிட்டு. நாந்தான் செத்த நேரம் கெடந்தேன்.

அத எவனோ போன் பண்ணிச் சொல்லி, மறுநாளே கார எடுத்துக்கிட்டு வந்துட்டா ஜெபிஷா. வந்தவ சண்ட போட்டிருந்தாக்கூட நா பதிலுக்குச் சண்ட போட்டிருப்பேன். அவ அழுதா. அழுதுக்கிட்டே வாசல்ல ஒரு கேமராவ மாட்டுனா. மாட்டிட்டுச் சொன்னா, ‘அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவ இப்படி எதாவது செஞ்சீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிது, வீட்டப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டு ஒங்களயும் கூட்டிட்டுப் போயிருவேன்’னு. சொன்னா செய்வா. யாரு மக?

நீ கேக்கலாம், மக வீட்டுக்குப் போனா என்னன்னு. நல்ல வீடுதான். மருமகன் நேசக்குமாரும் தங்கமான புள்ளதான், அவனே தோசை சுட்டுத் தருவான். ஆனா பதினாலாவது மாடி தாயி! கீழ பாத்தா மனுசன் எறும்பு. எங்க வீட்டு வாசல்ல நின்னா ஒரு மணி நேரத்துல அம்பது பேரு ஸ்தோத்திரம் டீச்சர், ஸ்தோத்திரம் டீச்சர்னுட்டுப் போவான். அங்க லிப்டுல பக்கத்துல நிக்கவன் போனப் பாத்துக்கிட்டே நிக்கான். நா ஒருத்தன்ட்ட என்ன தம்பி சாப்பிட்டியான்னு கேட்டுட்டேன். பயந்துபோயி அடுத்த மாடியிலேயே எறங்கிட்டான். அங்க போயி நா யார்ட்ட பேச? பேசலன்னா எனக்கு மூச்சு முட்டும். ஒனக்குப் பாத்தாலே தெரியும்லா?

சரி, இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டு ஏன் கடலுக்குப் போனன்னு கேக்க. கேளு, கேளு, கிருபையும் அதத்தான் கேட்டா. இங்க பாரு. முப்பத்திமூணு வருசம், வருசா வருசம் புள்ளைகள மணப்பாட்டுக்கு எஸ்கர்சன் கூட்டிட்டுப் போனேன். முப்பத்திமூணு தடவ அந்த மணல்ல நின்னிருக்கேன். வாயில விசிலு, கையில கம்பு. ஏளா, முட்டுக்கு மேல போவாத! ஏலே, அங்கன என்ன, திரும்பி வா! கத்திக் கத்தித் தொண்ட வறண்டு போவும். புள்ளைக எல்லாம் உப்புத்தண்ணியக் குடிச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டு வரும். எஞ் செருப்புகூட நனையாது. ஒரு நாளாவது நாமளும் எறங்கிப் பாக்கணும்னு எனக்குள்ள கெடந்து அரிச்சிக்கிட்டே இருந்துச்சு. ரிட்டயர்டு ஆன பொறவு போவோம்னு இருந்தேன், முட்டி போச்சு. முட்டி சரியான பொறவு போவோம்னு இருந்தேன், கேமரா வந்துட்டு. இதுக்கு மேல எதுக்குக் காத்துக் கெடக்க?

அதான், இன்னைக்கிக் காலையில... சிரிக்காத, சொல்லுதேன். பழைய டிராக் பேண்டு, ஸ்போர்ட்ஸ் டே பனியன், அதுக்கு மேல ஜெபக்கூட்டத்துக்குக் கட்டுத வெள்ளச் சேலை. கையில பைபிள் பை. கேமராவுக்கு முன்னால நின்னு பைய நல்லாத் தெரியுத மாதிரி ஆட்டிக்கிட்டு, ‘கிருபை, ஜெபக்கூட்டத்துக்கு நேரமாச்சுளா!’ன்னு சத்தமாச் சொன்னேன். அவளுக்குப் பொய்யே வராது. ‘எந்த ஜெபக்கூட்டம்?’ங்கா! கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன்.

மணப்பாட்டுக்கு நீ போனதில்லையா? போ, ஒரு நாளு போயிட்டு வா. குன்று மேல கோயிலு. அந்தக் குன்றுக்கு ஒரு பக்கம் தண்ணி அண்டாவுல ஊத்தி வச்ச மாதிரிக் கெடக்கும், கைப்புள்ளயக்கூட எறக்கலாம். இன்னொரு பக்கம் போனியோ, அங்கதான் இந்த ஆட்டம். இப்ப ஆடிக்காத்து வேற. பலகைய வச்சிக்கிட்டு அலைக்கு மேல ஏறி நிப்பானுவல்லா பயலுவ, அவனுவளே இன்னைக்கிப் பலகைய மணல்ல போட்டுட்டு உக்காந்திருக்கானுவ. அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும். அண்டாத் தண்ணியில எறங்கவா நா பொய் சொல்லிட்டு வந்தேன்னு அந்தப் பக்கம் போனேன்.

அங்கன ஆனின்னு ஒரு பொம்பள. அம்பது வயசிருக்கும். நைட்டிக்கு மேல துண்டப் போட்டுக்கிட்டு மீனு பொரிச்சிக்கிட்டு இருந்தா. எஸ்கர்சன்ல விசிலோட பாத்திருப்பா போல, என்னயக் கண்டதும் ‘டீச்சரே, இன்னைக்கிக் கடலு சரியில்ல. உள்ள இழுக்கு. அந்தப் பக்கம் போயிக் குளிங்க’ன்னா. நா என்ன சொன்னேன் தெரியுமா? எங்க அப்பா தோட்டத்துக் கெணத்துல பம்புசெட்டு ரூம் மேல ஏறித் தலகீழாக் குதிச்சவ நானு, எனக்கு நீச்சல் சொல்லித் தராதன்னேன். அவ சட்டியில மீனத் திருப்பிப் போட்டுக்கிட்டே ‘கெணறு எங்கேயும் போவாது டீச்சரே’ன்னா. எனக்கு மூக்குக்கு மேல கோவம்.

சேலைய அவுத்துக் கிருபை கையில குடுத்துட்டு எறங்கிட்டேன். கண்ணாடியக் கழட்டச் சொன்னா கிருபை. கழட்டிட்டா அலை வருதது எப்படித் தெரியும்னு போட்டுக்கிட்டே எறங்கினேன். மொத அலை வந்துச்சு, ஒரு குதி, தாண்டிட்டேன். ரெண்டாவது அலை, அதையும் தாண்டிட்டேன். முட்டி நோவுதா? நோவல! பதினஞ்சு வயசுப் புள்ள மாதிரி இருக்கு எனக்கு. அப்பத்தான் அந்தத் தப்பச் செஞ்சேன். கரையப் பாத்துத் திரும்பி நின்னு, கிருபைக்கு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுனேன்.

கெணத்துல அப்படித்தான தாயி செய்வோம்? குதிச்சு முங்கி எந்திரிச்சா, மேல நிக்கவங்களப் பாத்துக் கையக் காட்டணும். அப்பத்தான் குதிச்சதுக்கே மருவாதி. கெணத்துல எந்தப் பக்கம் திரும்புனா என்ன, தண்ணி பாட்டுக்குக் கெடக்கும். இது கடலு. முதுகக் காட்டுனதுதான் தாமசம், பின்னால வந்தது பாரு... அடேயப்பா! கிருபை மொகம் மாறுதது தெரிஞ்சுது. பொறவு கிருபையே தெரியல. காலு மேல, தலை கீழ. வாயில மண்ணு, மூக்குல மண்ணு. இதுதான் மேலன்னு நெனச்சு எந்திரிச்சா அது தரை. எந்திரிக்கேன், மறுபடியும் அடிக்கி. மூச்செடுக்க வாயத் தொறந்தேன், கடலு உள்ள வந்துட்டு. இதுல காலுக்கடியில ஒருத்தன் கயிறக் கட்டி இழுக்க மாதிரி உள்ள இழுக்கு வேற. ஜெபிஷா மொகம் ஒண்ணுதான் வந்துச்சு எனக்கு. ஐயையோ, இந்தப் புள்ளைக்கு நா இப்படியா செய்வேன்னு நெனச்சேன். பயந்துட்டேன் தாயி. மெய்யாவே பயந்துட்டேன்.

கரையில கிருபை என்ன செய்தான்னு நெனைக்க? காப்பாத்துங்கன்னு கத்த வேண்டாமா? எஞ் சேலைய மடியில வச்சுக்கிட்டு, முழங்கால் போட்டு, கண்ண மூடி ஜெபம் பண்ணுதா! ஏளா, ஒத்தக் கண்ணையாவது தொறந்துக்கிட்டு ஜெபம் பண்ணக் கூடாதா? கேட்டா, ‘நா ஜெபிச்சதுனாலதான ஆனி வந்தா’ங்கா.

ஆனி வந்தா. கரண்டியக் கீழ போட்டுட்டு நைட்டியோட உள்ள வந்தா பாரு, தெருவுல நடந்து வாரவ மாதிரி வாரா. அலை வந்தா தலையக் குனிஞ்சு அதுக்கு அடியில போயி அந்தப் பக்கம் எந்திரிக்கா. எங் கொண்டையப் புடிச்சா. இழுத்தா. கரைக்கு நேரா இழுப்பான்னு பாத்தா, கரையோரமாவே பக்கவாட்டுல இழுத்துக்கிட்டுப் போறா. எங்கன கொண்டு போறளான்னு கத்துதேன், ‘வாய மூடும் டீச்சரே, தண்ணி போயிரும்’ங்கா. என்னய வாய மூடச் சொன்ன மொத ஆளு அவதான். மூடிட்டேனே! எறங்குன எடத்துலருந்து ரொம்பத் தூரம் தள்ளி மணல்ல கொண்டு போயிப் போட்டா. உள்ள இழுக்க தண்ணிய விட்டு வெளிய வரணும்னா அப்படித்தான் போவணுமாம். கண்ணாடி போச்சு. ஒத்தச் செருப்பு போச்சு, அது எப்படிப் போச்சுன்னே தெரியல, நா செருப்பக் கரையிலல்லா கழட்டிப் போட்டேன்.

கேளு, இனிதான் விசயமே இருக்கு. ஆனி ஒரு கடுங்காப்பி போட்டுக் குடுத்தா. கைகாலெல்லாம் வெடவெடங்கு. வாயி ஒண்ணுதான் நல்லாருக்கு. காப்பியக் குடிச்சு முடிச்சு, வாயத் தொடச்சிட்டு, என்ன செஞ்சேன்னு நெனைக்க? வீட்டுக்குப் போனேன்னா? அதான் இல்ல. ‘ஆனி, அலைக்கு அடியில எப்படிளா போற?’ன்னு கேட்டேன். அவ என்னய ஏற எறங்கப் பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு. ‘வாரும்’னா.

போனேன். மறுபடியும் போனேன்! கிருபை கொடைய மணல்ல போட்டு அடிச்சிக்கிட்டா. ஆனி என் கையப் புடிச்சிக்கிட்டா. அலை வருது, சுவரு மாதிரி எந்திரிக்கி, ‘இப்பக் குனி’ங்கா, குனியுதேன். மேல இடி இடிக்க மாதிரிப் போகுது, அடியில ஒண்ணுமே இல்ல தாயி! தொட்டில் மாதிரி லேசா ஆட்டி விட்டுட்டுப் போகுது. எந்திரிச்சா வெயிலு. அடுத்தது வருது, குனி. எந்திரி. அப்படி ஒரு மணி நேரம். சிரிச்சேன் பாரு... காரணமே இல்லாம, வயிறு வலிக்கச் சிரிச்சேன். கடைசியா எப்ப அப்படிச் சிரிச்சேன்னு நானும் யோசிச்சுப் பாக்கேன், ஞாபகம் வரல. அறுபத்தோரு வயசு எனக்கு. ஏசப்பா, இத இம்புட்டு நாளும் கரையில நின்னுக்கிட்டு விசிலடிச்சே விட்டுட்டனேன்னு இருந்துச்சு.

...ஆங், என்ன மணி? அஞ்சு முப்பத்தஞ்சா! தலையத் தொட்டுப் பாரு, காஞ்சிருக்கா? பின்னால? சவத்த, இந்த உப்புக்கு முடி கயிறாயிட்டு. சரி, கண்ணாடிக்கு என்ன சொல்லலாம்? ஜெபக்கூட்டத்துல கண்ணாடி தொலையுமா? தொலையாது. நீ படிச்ச புள்ள, ஒண்ணு சொல்லு. ...ஒடஞ்சிட்டுன்னா? எப்படி ஒடஞ்சுதும்பா. கீழ விழுந்துட்டும்பேன். ஏன் விழுந்துச்சும்பா, நீங்க விழுந்தீங்களாம்பா. அந்தா, திரும்பவும் முட்டிக்கே வந்துருவா. வேண்டாம். வெளக்கப் போடாம இருட்டுக்குள்ள உக்காந்து பேசுனா? கரண்டு இல்லன்னு சொல்லிருவேன். ஆமா, அதான் நல்லது. கரண்டு இல்ல.

வேற யாரு சொல்லப் போறா அவளுக்கு? கிருபை ஊமையாட்டம் இருப்பா. ஆனிக்கு என் பேருகூடத் தெரியாது. ஊருல வேற ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. ஞானையா அண்ணாச்சி ஒருத்தருக்கு மட்டுந்தான்... அவரு வெளிய சொல்ல மாட்டாரு.

ஞானையா அண்ணாச்சி எங்க சபைக்குச் செக்ரட்டரி. அவருக்கு ஏன் சொன்னேன்னா... கடலு என்னயப் பெரட்டி எடுக்கும்போது பொருத்தனை பண்ணிட்டேன் தாயி. ஆண்டவரே, என்னயக் கரையில சேத்துரும், இன்னைக்கே ஸ்தோத்திர காணிக்கை குடுத்துருதேன்னு. நீ கோயிலுக்கு நேந்துக்கிடுவல்லா, அதே மாதிரிதான். கரைக்கு வந்தாச்சு. குடுக்கணும்லா? அதத் தள்ளிப் போடக் கூடாது. அதனால காப்பியக் குடிச்சிக்கிட்டே போன்ல மைக்க அமுக்கி ஞானையா அண்ணாச்சிக்குச் சொல்லிட்டேன். காணிக்கையையும் கிருபைய அமுக்கச் சொல்லிப் போன்லயே அனுப்பிட்டேன். மனசு லேசாயிட்டு. அந்த லேசான மனசோடதான் ரெண்டாவது தடவ எறங்குனேன்.

ஞாயித்துக்கெழம ஆராதனையில வாசிப்பாரு. இன்னார், இன்ன காரியத்துக்காக ஸ்தோத்திர காணிக்கைன்னு காரணத்தோட வாசிக்கது எங்க வழக்கம். சபையில உள்ளவங்க கேப்பாங்க, கேட்டா என்ன, மெட்ராசு வரைக்குமா கேக்கும்? ...என்ன அப்படிப் பாக்க? இல்லல்ல, குரூப்ல எல்லாம்... ஆங்?

இரு. இரு, இரு.

குரூப்லயுந்தான் போடுவாரு. ஒடனே ஒடனே போட்டுருவாரு. ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்காண்டாம், வெளியூர்ல இருக்க நம்ம புள்ளைகளும் ஆமென் சொல்லட்டும்னு கமிட்டியில தீர்மானம் போட்டது... ஐயையோ! அந்தத் தீர்மானத்தக் கொண்டு வந்ததே நாந்தான தாயி! எல்லாப் புள்ளைக நம்பரையும் வாங்கி ஒண்ணொண்ணாச் சேத்ததும் நாந்தான். மொத நம்பரு ஜெபிஷாவுது!

இந்தா, இந்தப் போனப் புடி. எனக்குக் கண்ணு தெரியல. அப்பலருந்து டிங்கு டிங்குன்னு அடிக்கே, கம்பெனிக்காரன் மெசேஜுன்னு இருந்துட்டேன். பச்சையா இருக்கத அமுக்கு. ‘சபை ஐக்கியம்’னு இருக்கா? வாசி. பையப் பைய வாசி... ‘நம் அன்புச் சகோதரி திருமதி தேவகனி டீச்சர் அவர்கள்’... சரி... ‘இன்று மணப்பாடு கடலில் நீந்தச் சென்றபோது’... போச்சு... ‘பேரலைகளால் புரட்டப்பட்டு உள்ளே இழுக்கப்பட்டும், உயிரோடு கரைசேர்த்த தேவனுக்கு ஸ்தோத்திர காணிக்கை’... மனுசன் ஒரு எழுத்த விடலையே! நா சொன்னதச் சுருக்கிப் போடக் கூடாதா?

எத்தன பேரு ஆமென் போட்டிருக்கான்? அறுபத்திரெண்டா! என் ரிட்டயர்மெண்டுக்கே முப்பதுதான் வந்துச்சு. அதுல ஜெபிஷான்னு ஒரு பேரு இருக்கா பாரேன். இருக்காதே... இருக்கா? என்ன போட்டிருக்கா? ஆமென்னா? ஆமென் மட்டுந்தானா? கும்புடுத கை இல்லையா? பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருக்காளா? ...புள்ளி வச்சிருந்தா அவ கோவமா இருக்கான்னு அர்த்தம்.

அடிக்கி! அவதான். அஞ்சே முக்காலுக்கே அடிக்கா. தாயி, நீ எடு. எடுத்து, டீச்சர் தூங்குதாங்கன்னு சொல்லு. நீ புதுப்புள்ள, ஒன்னத் திட்ட மாட்டா. ஏய், எங்க எந்திரிக்க? ஒன் ஸ்டாப்பு இன்னும் வரலையே! உக்காரு... எங் கையில குடுத்துட்டுப் போறியே... சரி, போ, போ.

ஆங்... ஜெபி! ஸ்தோத்திரம்மா. என்ன இன்னைக்கி வெரசாவே... ஆமா, பஸ்லதான். ஜெபக்கூட்டம் இப்பத்தான் முடிஞ்சி... கண்ணாடியா? கண்ணாடி பையில இருக்கு... இல்ல. பையில இல்ல. ...கடல்ல இருக்கு.

கத்தாதம்மா, பஸ்ஸே திரும்பிப் பாக்கு. ஆமா, போனேன். ஆமா, பொய்தான் சொன்னேன். முட்டிக்கு ஒண்ணும் இல்ல ஜெபி, ஏசப்பா சத்தியமா ஒண்ணும் இல்ல. மொதத் தடவதான் பெரட்டுச்சு, ரெண்டாவது தடவ ஒண்ணுமே... இல்ல, ரெண்டாவது தடவன்னு நா சொல்லல... சொல்லிட்டேன். ஆமா, சொல்லிட்டேன்.

ஜெபி, ஒரு நிமிசம் நா சொல்லுததக் கேளு. என்னய அங்க கூட்டிட்டுப் போயிராதம்மா. நீ எது சொன்னாலும் கேக்கேன். இன்னும் நாலு கேமரா கூட மாட்டிக்க. வீட்ட மட்டும் பூட்டிராத. அங்க வந்தா நா செத்துப் போக மாட்டேன், நீ நல்லாத்தான் பாத்துக்கிடுவ, அது எனக்குத் தெரியும். ஆனா நா நானா இருக்க மாட்டேன் ஜெபி. ...அழாத. நீ அழுதா எனக்கும் வரும்.

என்னது? ...எப்படி இருந்துச்சா? எது, கடலா?

...நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு ஜெபி.

என்ன சொல்லுத? நீயா? அங்க மாடிக்குக் கீழ இருக்க நீச்சல் குளத்துலயா? நாலடித் தண்ணி அது, அதுல எறங்க ஒனக்குப் பயமா? சின்னப் புள்ளைகளே... நீச்சல் தெரியாதா ஒனக்கு?

...

ஆமா. நா சொல்லிக் குடுக்கல. ஆமாம்மா... ஊருல உள்ள புள்ளைகளுக்கெல்லாம் இடுப்புல கயிறக் கட்டிக் கெணத்துல எறக்கினேன். ஒன்ன மட்டும் மேலயே உக்கார வச்சிட்டேன். எஸ்கர்சன்லயும் பஸ்லருந்தே எறங்க விடல. தண்ணிப் பக்கம் போனா கால ஒடிச்சிருவேன்னு சொன்னது நாந்தான். ஒங்க அப்பாவும் இல்ல, ஒத்தப் புள்ள, ஒன்னையும் விட்டுட்டா எனக்கு யாரு இருக்கான்னு பயந்துட்டேன் ஜெபி. ஒன்னப் பயங்காட்டிப் பயங்காட்டியே வளத்துட்டேன். இப்ப நீ எனக்காகப் பயப்படுதன்னு ஒன்ன ஏசுதேன், பாரு.

கிருபையா? இந்தா, எந்திரிச்சு வந்துட்டா. பக்கத்துல உக்காந்து மூக்க உறிஞ்சிக்கிட்டு இருக்கா.

வெள்ளிக்கெழம வாரியா? எதுக்கு, வீட்டப் பூட்டவா? ...சரி, பூட்டு. சனிக்கெழம காலையில பூட்டுவோம். பூட்டிட்டு ரெண்டு பேருமா மணப்பாட்டுக்குப் போயிட்டு, சாயங்காலம் வந்து தொறப்போம். சிரிக்கியா அழுதியா, ஒண்ணும் வெளங்கல, சிக்னலு வேற விட்டு விட்டு வருது. ...கையவா? புடிச்சிக்கிடுதேன். ஆமா, கெட்டியாத்தான். நீயா விடச் சொன்னா மட்டும் விடுதேன்.